பி.ஜி. முதல் வருடம்: வாய் திறக்காமல் செய்த தவறுகள்

பி.ஜி. எனப்படும் முதுநிலைப் படிப்புக்கு எம்.டி. பொது மருத்துவத்தில் சேர்ந்த நான்காவது நாள் எனக்கு முதல் நைட் டூட்டி. அரசு மருத்துவக் கல்லூரி. அன்றைக்கு எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் டே வேறு. இரவு ஒன்றரை மணிக்கு கைலியும் சட்டையுமாக ஒருவர் நடந்தே வந்தார். ஐம்பது வயது இருக்கும். "வாயு புடிச்சுக்கிச்சு சார், ஒரு ஊசி போட்டீங்கன்னா கெளம்பிடுவேன்" என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. வயிற்று அமிலத்துக்கான பான்டாப்பிரசோல் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா சீட்டை எட்டிப் பார்த்து, "வாயுன்னு சொன்னா முதல்ல ஈசிஜி" என்றார். எடுத்தோம். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் மூன்று லீடிலும் எஸ்டி தூக்கி நின்றது. மாரடைப்பு.

பாடம் தெரியாமல் நான் கோட்டை விடவில்லை. நீட் பி.ஜி. எழுதி வருகிற யாருக்கும் அந்த ஈசிஜியைப் படிக்கத் தெரியும். அவருடைய சட்டை முதுகோடு ஈரமாக ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றும் தோன்றியது. வந்து நாலு நாளில் இதைப் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். அடுத்த மூன்று வருடங்களில் நான் செய்த தவறுகளையும் கூட இருந்தவர்கள் செய்ததையும் எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி இந்த வகைதான். தெரியாததால் வந்ததைவிட, சொல்லாமல் விட்டதால் வந்தது அதிகம். இப்போது சேரப் போகிறவர்களுக்காக அவற்றில் சிலவற்றை எழுதுகிறேன்.

நோயாளியின் சொல்லை அவசரமாக மொழிபெயர்ப்பது

நாம் தமிழ் பேசிக்கொண்டே ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதுகிறோம். "கிறுகிறுன்னு வருது" என்று ஒரு பாட்டி சொன்னதும் கை தானாக "கிடினஸ்" என்று எழுதிவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் காதுக் கோளாறு, ரத்த சோகை, எழுந்து நின்றால் பிரஷர் இறங்குவது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது எல்லாமே இருக்கலாம். "சுத்துறது நீங்களா, வீடா?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. நெஞ்சு கரிக்குது என்பதும் நெஞ்சு அடைக்குது என்பதும் ஒன்றில்லை. "வாயு" என்பதை அப்படியே மேற்கோள் போட்டு எழுதுங்கள். ரவுண்ட்ஸில் சீஃப் சிரித்தாலும் பரவாயில்லை.

எங்கள் பேட்சில் வட மாநிலத்திலிருந்து வந்த நண்பன் ஒருவனுக்குத் தமிழ் சுத்தமாக வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் சிஸ்டரிடம் ஓடுவான். "இழுத்துப் பிடிக்குது"ன்னா என்ன, "மரத்துப் போச்சு"ன்னா என்ன என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தான். மூன்றாம் மாதம் அவன் எடுத்த ஹிஸ்டரி என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அவனுக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்பதில் கூச்சமே இல்லை. எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று.

"பெட் 14 ஸ்டேபிள்"

டூட்டி முடிந்து போகும்போது அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறோமே, அந்த ஐந்து நிமிடம்தான் வார்டில் மிக ஆபத்தான ஐந்து நிமிடம் என்பேன். பசி, தூக்கம், வெளியே மழை. ஒருநாள் நான் "பெட் 14 ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர். சாயங்காலம் அனுப்பிய பொட்டாசியம் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அதைச் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு ரிப்போர்ட் வந்தது: 6.9, ஆபத்தான அளவு. அது யாருக்காகக் காத்திருந்த ரிப்போர்ட் என்று டூட்டியில் இருந்தவனுக்குத் தெரியாது. சிஸ்டர் கவனித்து அவனைக் கூப்பிட்டதால் கால்சியம் குளுக்கோனேட்டும் இன்சுலின், டெக்ஸ்ட்ரோஸும் நேரத்துக்குப் போயின.

அதன்பிறகு பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். பெட் நம்பர், என்ன நோய், என்ன ரிப்போர்ட் வர வேண்டும், வந்தால் என்ன செய்ய வேண்டும். இந்த நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா என்பார்கள். போடுங்கள், ஆனால் பெட் பக்கத்தில் நின்று வாயாலும் சொல்லுங்கள். நோயாளியின் பெயரும் முகமும் தெரிகிற போட்டோவை மட்டும் அந்த குரூப்பில் போடாதீர்கள்.

சி.எஸ்.டி.யும் 120/80-உம்

தமிழ்நாட்டு வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதே சிகிச்சையைத் தொடரவும் என்பதன் சுருக்கம். நாற்பது கேஸ் ஷீட்டுகளில் வரிசையாக சி.எஸ்.டி. என்று எழுதிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஐந்து நாளோடு நிறுத்த வேண்டிய செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் பத்தாவது நாளும் ஏறிக்கொண்டிருக்கும். மருந்துப் பெயர்களைத் தினமும் புதிதாக எழுதுங்கள். எழுதக் கை வலித்தால்தான் எதை நிறுத்தலாம் என்று யோசிப்போம்.

பிரஷர் பார்க்காமல் 120/80 என்று எழுதுவது இதைவிட மோசம். பார்க்கவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான். பொய்யான 120/80-ஐ நம்பி அடுத்தவர் முடிவெடுப்பார்.

ஊசி குத்தியதை மறைப்பது

அதிகாலை ரத்தம் எடுத்துவிட்டு ஊசியில் மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்தும். பெரும்பாலானவர்கள் செய்வது: கிளவுஸைக் கழற்றி, விரலைப் பிதுக்கி, ஸ்பிரிட் ஊற்றி, யாரிடமும் சொல்லாமல் அடுத்த பெட்டுக்குப் போவது. நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன். மூன்று மாதம் தூங்காமல் கழிந்தது.

சரியான வழி இது. சோப்பும் ஓடும் தண்ணீரும் மட்டும். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் பிளீச்சும் வேண்டாம். உடனே டூட்டியில் இருக்கும் சீனியரிடம் சொல்லுங்கள். நோயாளியின் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி நிலவரம் பார்க்க வேண்டும். உங்கள் ரத்தமும் அன்றே போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சேருவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் 3 டோஸும் முடிந்ததா என்று பாருங்கள்; கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) பார்த்து அது 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. போட்டேன் என்று நினைக்கிறேன் என்கிறவர்கள்தான் அதிகம்.

தீசிஸ்: மூன்றாம் வருடக் கதை இல்லை

சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, தலைப்பும் புரோட்டோகால் என்கிற ஆய்வுத் திட்டமும் கொடுக்கச் சொல்வார்கள். அப்போது வார்டில் மூச்சு விட நேரமிருக்காது. அதனால் சீனியரின் பழைய தலைப்பில் ஊரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுவோம். அந்தத் தலைப்பு மூன்று வருடம் கழுத்தில் தொங்கும்.

என் பேட்ச்மேட் ஒருத்தி ஸ்க்ரப் டைபஸ் எடுத்தாள். நல்ல தலைப்பு. அந்தக் காய்ச்சல் நம் ஊரில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில்தான் கூடும். அவளுக்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கைக்கு வந்தது பிப்ரவரி கடைசியில். சீசன் முடிந்துவிட்டது. அனுமதிக்கு முன்னால் பார்த்த நோயாளிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பின்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் தராது. அடுத்த அக்டோபர் வரை கம்பளிப் போர்வையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள். இது யார் தவறும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் தலைப்பை எடுத்த அன்றே காலண்டரைப் பார்த்திருந்தால், விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே கொடுத்திருக்கலாம்.

அதனால் தலைப்புக்கு முன்னால் ரெக்கார்டு செக்ஷனுக்குப் போங்கள். போன வருடம் அந்த நோயோடு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ரெஜிஸ்டரில் எண்ணுங்கள். 100 பேர் வந்திருந்தால், உங்கள் நிபந்தனைகளில் வடிகட்டி, சம்மதிக்காதவர்களைக் கழித்தால் பாதி தேறினாலே அதிர்ஷ்டம். அப்புறம் சாம்பிள் சைஸ் (ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்) பற்றிப் பேசலாம். புள்ளியியல் ஆளைத் தலைப்பு முடிவு செய்யும்போதே பாருங்கள். டேட்டா எல்லாம் எடுத்தபிறகு போய் நின்றால் அவரால் அனுதாபப்பட மட்டும்தான் முடியும்.

மருந்தையோ சிகிச்சையையோ ஒப்பிடும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். சேர்த்துவிட்டுப் போனால் கதவு திறக்காது. சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பையும் முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். எல்லோரும் அதைத் தேர்வுக்கான ஒரு சான்றிதழாகப் பார்க்கிறார்கள். தலைப்புக்கு முன்னால் கேட்டால் உண்மையிலேயே உதவும்.

ஒப்புதல் படிவத்தின் தமிழைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கூகுளில் போட்டு எடுத்த என் படிவத்தை ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா என்னை ஆபரேஷனுக்கு எடுப்பீங்களா தம்பி?" என்றார். நான் கேட்டது கூடுதலாக 5 மில்லி ரத்தம், அவ்வளவுதான். அன்று ராத்திரி உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

டேட்டாவை இட்டுக்கட்டுவது பற்றி வெளியே யாரும் பேச மாட்டார்கள், ஹாஸ்டலில் எல்லோரும் பேசுவார்கள். இட்டுக்கட்டிய எண்கள் தாமே காட்டிக்கொடுக்கும்: பிரஷர் எல்லாம் பூஜ்யத்தில் முடியும், எல்லா நோயாளியும் எல்லா ஃபாலோ-அப்புக்கும் தவறாமல் வந்திருப்பார்கள். நம் ஊரில் அப்படி யார் வருகிறார்கள்? 30 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் தீசிஸை வழிநடத்தும் கைடிடம் போய் 30 என்று சொல்லுங்கள். நான் டேட்டா இல்லாத வெட்கத்தில் நாலு மாதம் கைடின் கண்ணில் படாமல், பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். கடைசியில் மாட்டியபோது அவர் பக்கத்து ஓ.பி.யிலிருந்தும் நோயாளிகளைச் சேர்க்கலாம் என்று ஒரே நிமிடத்தில் வழி சொன்னார். திருத்தத்தை எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்ப ஒரு பக்கக் கடிதம் போதுமாக இருந்தது.

லீவு, தூக்கம்

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிமுறைகளில் வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பும், வேலைநிலை அனுமதித்தால் வாரம் ஒருநாள் ஓய்வும் எழுதியிருக்கிறது. வருகைப்பதிவு 80 சதவீதம் வேண்டும். வேலை நேரத்தைப் பற்றி 1992-இன் மத்திய ரெசிடென்சி திட்டம் வாரம் 48 மணி என்றது. ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-இல் 74 மணிக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டையும் படித்துவிட்டு எந்த பி.ஜி.யும் சிரிப்பான். இருந்தாலும் விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு லீவு கேட்பதும், கெஞ்சிக் கேட்பதும் ஒன்றில்லை.

நைட் டூட்டி முடிந்து பைக் ஓட்டாதீர்கள். இதில் விவாதமே வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது, இதிலிருந்து எப்படியாவது போய்விட வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் அதை டூட்டிக் களைப்பு என்று நீங்களே டயக்னோசிஸ் போடாதீர்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிற அந்த நம்பரை நமக்கும் போடலாம் என்பது ஏனோ தோன்றுவதே இல்லை.

மாவட்ட ரெசிடென்சி, பிறகு பரீட்சை

மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி உங்கள் 3, 4 அல்லது 5-ஆம் செமஸ்டரில் வரும். அதைத் தீசிஸ் எழுதும் விடுமுறையாக நினைக்காதீர்கள், எம்.ஆர்.ஐ. கேட்காமல் முடிவெடுக்க நான் கற்றது அங்கேதான். தீசிஸ் டேட்டா சேகரிப்பு அந்த மூன்று மாதம் நின்றுபோகும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பிராக்டிகலில் எனக்கு முன்னால் கேஸ் சொன்னவனிடம் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்), கண்ணின் உட்புறப் பின்பகுதியைக் குறிப்பிட்டு, "ஃபண்டஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டார். அவன் யோசிக்காமல் "நார்மல் சார்" என்றான். அந்தப் பெரியவரின் இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் புரை முற்றியிருந்தது. உள்ளே எதையும் பார்த்திருக்கவே முடியாது. அதன்பிறகு அவன் சொன்ன எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் திரும்பச் செய்து பார்த்தார். என் முறை வந்தது. எனக்கும் அதே கேள்வி.

"பார்க்கவில்லை சார்" என்றேன்.

அவர் மேஜையிலிருந்த, கண்ணுக்குள் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார். "இப்போ பாருங்க."