825 கூட்டினால் கிடைத்த தாத்தா

செங்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். வம்சாவளி எழுத உட்கார்ந்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர்; எவர் எவரென்று பிடிபடவில்லை.

தகரப் பெட்டியில் கிடந்த ஒற்றிப் பத்திரம்தான் கைகொடுத்தது. 1956 வரை இது திருவிதாங்கூர் சீமை அல்லவா, பத்திரம் மலையாளத்தில் இருந்தது. புனலூரில் வாழ்க்கைப்பட்ட சித்தி வாசித்துச் சொன்னார்: 1098 மேடம், அதாவது நம் சித்திரை. மலையாளத்தாரின் கொல்லம் ஆண்டு அது. 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு 1923. (ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்டவேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை.) தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1918. ஐந்து வயதுப் பிள்ளையா வயலை ஒற்றி வைத்திருக்கும்? கையெழுத்து தாத்தாவின் தாத்தாவுடையது.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பத்திர ஆண்டையும் எழுதுகிறேன். அது தாத்தாவின் தாத்தா கையெழுத்து என்பதை அத்தை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.