டெல்டா பி.காம் பசங்க இன்வெஸ்ட்மென்ட் பேங்க் கம்ப்ளயன்ஸுக்குள்ள போறது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் பி.காம் முடிச்சுட்டு பேங்க் வேலைக்குப் போகப்போறேன்னு சொன்னா வீட்டுல உடனே ஐபிபிஎஸ் கோச்சிங் எங்க நல்லாருக்குன்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல கம்ப்ளயன்ஸ்னு ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு, அதுக்கு ஐஐஎம் எல்லாம் வேணாம், நம்ம ஊர் காலேஜ்ல படிச்ச புள்ளைங்களே சென்னையில அந்த வேலைதான் பாக்குதுங்க, ஆனா உள்ள போற வழிய யாரும் சொல்லித் தர்றதில்ல.

வேலை என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். கம்பெனிக்கு ஐபிஓ (மொத தடவையா ஷேர பொதுமக்களுக்கு விக்கறது) கொண்டு வர்றது, ஒரு கம்பெனிய இன்னொருத்தன் வாங்குறப்ப நடுவுல நிக்கிறது, இதெல்லாம் பண்றதுதான் இன்வெஸ்ட்மென்ட் பேங்க், அங்க இருக்கற ஆளுங்களுக்கு மார்க்கெட்டுக்கு முன்னாடியே ரகசியம் தெரிஞ்சுடும். அந்த ரகசியத்த வச்சு யாரும் காசு பாக்கக்கூடாது, திருட்டுப் பணம் உள்ள வரக்கூடாது, நாளைக்கு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி வந்து கேட்டா எடுத்துக் காட்ட ஆதாரம் இருக்கணும். இத பாத்துக்கறதுதான் கம்ப்ளயன்ஸ்.

ஃப்ரெஷருக்கு வாசல் பெரும்பாலும் கேஒய்சி, அதாவது க்ளையண்ட் யாருன்னு சரிபாக்கற வேலைதான். சென்னையில ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பார்க்லேஸ், பிஎன்ஒய், சிட்டி எல்லாத்துக்கும் ஆபீஸ் இருக்கு, கோல்ட்மேன் சாக்ஸ்னா பெங்களூரு, மார்கன் ஸ்டான்லின்னா மும்பையும் பெங்களூரும். கேஒய்சி அனலிஸ்ட், நேம் ஸ்க்ரீனிங், ட்ரான்ஸாக்ஷன் மானிட்டரிங், இந்தப் பேருங்கள போட்டுத் தேடுங்க. இந்திய கம்பெனின்னா மெர்ச்சண்ட் பேங்கர்னும் தேடுங்க, செபில அந்தப் பேர்லதான் ரிஜிஸ்டர் பண்ணிருப்பாங்க.

இன்டர்வியூல கட்டாயம் வர்ற கேள்வி, உண்மையான ஓனர் யாருன்னு எப்படி கண்டுபிடிப்பேங்கறது. உதாரணத்துக்கு க்ளையண்ட் கம்பெனில 30 சதவீதம் பங்கு ஒரு மொரீஷியஸ் கம்பெனிகிட்ட இருக்கு, அந்த மொரீஷியஸ் கம்பெனில ஒரு ஆளுக்கு 40 சதவீதம். அப்ப அந்த ஆளுக்கு க்ளையண்ட்ல 12 சதவீதம். தாத்தா நிலத்துல அப்பாவுக்கு மூணுல ஒண்ணு, அதுல நமக்கு பாதின்னா மொத்தத்துல ஆறுல ஒண்ணுன்னு பாகப்பிரிவினைல போடற அதே கணக்குதான். நம்ம பிஎம்எல்ஏ (கறுப்புப் பணத்த வெள்ளையாக்கறத தடுக்கற சட்டம்) ரூல்ல 2023க்கு அப்பறம் கம்பெனிக்கு 10 சதவீதத்துக்கு மேல போனாலே அவர் பெனிஃபிஷியல் ஓனர், அதனால இந்த ஆள் பேர எடுத்து பாஸ்போர்ட், அட்ரஸ், சாங்ஷன்ஸ் லிஸ்ட் (தடை போட்ட ஆளுங்க பட்டியல்) எல்லாம் பாக்கணும். இதே க்ளையண்ட் லண்டன் ஆபீஸ் கணக்குல இருந்தா அங்க லிமிட் 25 சதவீதத்துக்கு மேல, பங்குக் கணக்குல இவர் வரவே மாட்டார். எந்த நாட்டு ரூல் சார்னு திருப்பிக் கேக்கற பையனுக்குத்தான் வேலை கிடைக்கும், கடகடன்னு டெஃபனிஷன் ஒப்பிக்கிறவனுக்கு இல்ல.

என்னைக் கேட்டா இந்த வேலைல சட்ட அறிவ விட எழுதத் தெரியறதுதான் முக்கியம். சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா சிஸ்டத்துல ஒரு அலர்ட் வருது, பாத்துட்டு மூடுறோம், ஏன் மூடுனோம்னு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதணும், அஞ்சு வருஷம் கழிச்சு ஆடிட்டர் படிச்சாலும் புரியணும். "செக்ட், ஓகே"ன்னு எழுதுனா க்யூசில (தரம் பாக்கற டீம்ல) திரும்பி வந்துடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்கு காசு கட்டுறதுக்கு பதிலா ஒண்ணு பண்ணுங்க, செபி வெப்சைட்ல என்ஃபோர்ஸ்மென்ட் ஆர்டர்னு ஒரு பக்கம் இருக்கு, எல்லாம் ஃப்ரீ, வாரத்துக்கு ஒரு ஆர்டர் எடுத்து யாருக்கு என்ன ரகசியம் தெரிஞ்சுது, எப்ப ஷேர் வாங்குனாங்க, செபி எப்படி புடிச்சுதுன்னு பத்து வரில எழுதிப் பாருங்க. ஆரம்பத்துல மண்டை காயும், போகப் போக சீரியல் மாதிரி இழுக்கும்.

பரீட்சைன்னா மொதல்ல செபியோட பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தற சீரீஸ் 3ஏ, அதாவது செக்யூரிட்டீஸ் இன்டர்மீடியரிஸ் கம்ப்ளயன்ஸ். 100 மார்க், 2 மணி நேரம், 60 எடுத்தா பாஸ், தப்பா போட்டா 25 சதவீதம் கழிப்பாங்க, அதனால குருட்டாம்போக்குல அடிக்காதீங்க. சர்டிஃபிகேட் 3 வருஷம் செல்லும். சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி) படிக்க பொறுமை இருந்தா அது பெரிய பலம், சீக்கிரமா மேல போகலாம். திருட்டுப் பணத்த தடுக்கறது பத்தி கேம்ஸ்னு (CAMS) ஒரு சர்டிஃபிகேட் சொல்லுவாங்க, காசு ஜாஸ்தி, வேலைல சேந்தப்பறம் கம்பெனி செலவுல எழுதிக்கலாம், இப்ப அதுக்காக நகைய அடகு வைக்க வேணாம்.

உள்ள போனப்பறம் கேஒய்சிலயே உக்காந்துடாதீங்க, இதுதான் நான் முக்கியமா சொல்ல வர்றது. அது நம்பர் கணக்கு வேலை, இன்னிக்கு எத்தனை ஃபைல் முடிச்சன்னுதான் பாப்பாங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தா புதுசா கத்துக்க ஒண்ணும் இருக்காது. கம்பெனிக்குள்ளயே வர்ற இன்டர்னல் போஸ்டிங்ல கன்ட்ரோல் ரூம், ட்ரேட் சர்வைலன்ஸ் (ஷேர் வாங்கி விக்கறதுல தப்பு நடக்குதான்னு கண்காணிக்கறது) ரெண்டுல எது வந்தாலும் போடுங்க. கன்ட்ரோல் ரூம்தான் உண்மையான இன்வெஸ்ட்மென்ட் பேங்க் கம்ப்ளயன்ஸ். ஒரு டீல் ஆரம்பிச்சா அந்தக் கம்பெனி பேரு வாட்ச் லிஸ்ட்லயோ (ரகசியமா கண்காணிக்கற பட்டியல்) ரெஸ்ட்ரிக்டட் லிஸ்ட்லயோ (வாங்க விக்கத் தடை போட்ட பட்டியல்) ஏறும், ஸ்டாஃப் யாராவது அந்த ஷேர வாங்கப் பர்மிஷன் கேட்டா "முடியாது"ன்னு மட்டும்தான் பதில், காரணம் சொன்னா அதுவே ரகசியம் வெளிய போன மாதிரி. உள் ரகசியத்த வச்சு ஷேர் வாங்கி விக்கறத தடுக்கற செபியோட இன்சைடர் ட்ரேடிங் ரெகுலேஷன் 2015ம் நல்லா படிச்சுட்டுப் போங்க. ரகசியம் யார் யாருக்கு போச்சுன்னு பேரு, பான் நம்பரோட டிஜிட்டல் டேட்டாபேஸ்ல ஏத்தி குறைஞ்சது 8 வருஷம் வச்சிருக்கணும், லிஸ்டட் கம்பெனில குவார்ட்டர் முடிஞ்சதுலேர்ந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரைக்கும் ட்ரேடிங் விண்டோ மூடியிருக்கும், அதாவது ரகசியம் தெரியற உள் ஆளுங்க அந்த ஷேர வாங்கவோ விக்கவோ கூடாது.

அமெரிக்காவுல நடந்த ராஜரத்தினம் இன்சைடர் ட்ரேடிங் கேஸ் தெரிஞ்சு வச்சுக்கிட்டாலும் நல்லது. 2008 செப்டம்பர்ல பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட் கோல்ட்மேன்ல 500 கோடி டாலர் போடப்போறது போர்டு மீட்டிங்ல முடிவாச்சு, டைரக்டர் ரஜத் குப்தா ஒரு நிமிஷத்துக்குள்ள ஃபோன் போட்டு கொழும்புல பொறந்த நம்ம தமிழர், ஹெட்ஜ் ஃபண்ட் (பணக்காரங்க காச வாங்கி முதலீடு பண்ற ஃபண்ட்) நடத்துன ராஜ் ராஜரத்தினத்துகிட்ட சொல்லிட்டாரு, அவரும் உடனே கோல்ட்மேன் ஷேர வாங்கிட்டாரு. ராஜரத்தினத்துக்கு 11 வருஷம், குப்தாவுக்கு 2 வருஷம் ஜெயில். கோர்ட்ல குப்தாவ மாட்டிவிட்டதுல ஃபோன் ரெக்கார்டுக்கும் அந்த நேரத்துக்கும் பெரிய பங்கு, சர்வைலன்ஸ் டீம் தினமும் தேடுறதும் இதே மாதிரி நேரப் பொருத்தத்தைத்தான்.

ஷிஃப்ட் பத்தி வீட்டுல முன்னாடியே பேசிடுங்க, லண்டன் டீம்னா மதியம் போய் ராத்திரி திரும்பணும், நியூயார்க்னா இன்னும் லேட். பொண்ணுங்க கேப் வசதி இருக்கான்னு ஆஃபர் சைன் பண்றதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேட்டுக்கணும். அப்பறம் திருச்சிலயும் கும்பகோணத்துலயும் டெபாசிட் கட்டுனா எம்என்சி பேங்க்ல வேலைன்னு சில கன்சல்டன்சி சுத்துது. எந்த பேங்கும் வேலைக்கு காசு வாங்காது, ஆஃபர் லெட்டர் ஜிமெயில் ஐடிலேர்ந்து வந்தா அத திறந்து படிக்கக்கூட வேணாம், பேங்கோட சொந்த கேரியர்ஸ் பேஜ்ல அந்த ஜாப் நம்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க.