மணியும் கம்பியும் வைத்து ஒரு கொலாஜன்

ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். உள்ளே சுண்ணாம்பில் ஊறி, கடுக்காயோ குரோமியமோ ஏறிப் பதமாகும் தோலில் பெரும்பங்கு ஒரே புரதம்தான்: கொலாஜன். செல்களுக்கு வெளியே இருந்துகொண்டு அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கயிறு அது. அதன் வடிவத்தை 1954-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்-கதிர்ப் படம் அவர்களுக்குக் கை கொடுத்தது. அதே வடிவத்தை நாம் வீட்டிலேயே செய்துவிடலாம்.

வேண்டியவை: அரை மீட்டர் மெல்லிய செம்புக் கம்பி மூன்று, ஒரு பென்சில், பொடி வெள்ளை மணி 30, பெரிய சிவப்பு மணி 30, பெரிய மஞ்சள் மணி 30. வேலூர் லாங் பஜாரில் ஒரு சுற்று வந்தால் கிடைத்துவிடும்.

1. கோர்ப்பது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்ற வரிசை மாறாமல் ஒரு கம்பிக்கு 30 மணி. ஒரு கம்பி கொலாஜனின் ஓர் இழை; ஒரு மணி, புரதத்தைக் கட்டும் ஓர் அமினோ அமிலம். வெள்ளைதான் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே பொடியன். சிவப்பு இடத்தில் அடிக்கடி புரோலினும், மஞ்சள் இடத்தில் ஹைட்ராக்சிபுரோலினும் வரும்.

2. சுருட்டுவது. பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, முன்பக்கச் சுற்று வலது கீழிருந்து இடது மேலாக ஏறும்படி சுருட்டுங்கள். சுற்றுக்கு மூன்று மணி, ஆக 10 சுற்று. வெள்ளை மணிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். பென்சிலை உருவி, சுருளைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.

3. சேர்ப்பது. மூன்று சுருளையும் வெள்ளைக் கோடுகள் உள்நோக்கி இருக்கும்படி நெருக்குங்கள். ஒன்றைவிட அடுத்தது ஒரு மணி ஏறி நிற்கட்டும். அப்போது எந்த மட்டத்திலும் நடுவில் ஒரே ஒரு வெள்ளைதான் வரும். அங்கே ஒரு பெரிய மணியை வைத்துப் பாருங்கள், சுருள்கள் விலகிவிடும். மூன்றில் ஒன்று கட்டாயம் கிளைசினாக இருப்பது இதனால்தான். 1954-இல் இருவரும் சொன்ன வடிவம் இதோடு முடிகிறது.

4. முறுக்குவது. 1955-இல் இருவரும் அதைத் திருத்தினார்கள். நீங்களும் இரு முனையையும் பிடித்து, மூன்றையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று முறுக்குங்கள். திசை முக்கியம்: சாதாரண திருகாணியின் மரைபோல, இடது கீழிருந்து வலது மேலாக. நான் முதல் தடவை மாற்றி முறுக்கி, சுருள் இறுகிக் கம்பி கோணிக்கொண்டது. சரியாக முறுக்கினால் ஒவ்வொரு சுருளிலும் ஒரு சுற்று தானாக அவிழும். இப்போது 30 மணிக்கு 9 சுற்று, அதாவது சுற்றுக்கு 3.3. வெள்ளை மணிகள் உள்ளேயே இருக்கும். கயிறு திரிப்பவர்கள் புரியை ஒரு பக்கமும் கயிற்றை மறுபக்கமும் முறுக்குவதும் இதே கணக்குத்தான்.

இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய பிடிப்பு. மூன்று அமிலத்துக்கு அது இரண்டு என்றார் ராமச்சந்திரன். அதே 1955-இல், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட கிரிக்கும் அவரோடு வேலை செய்த ரிச்சும் இரண்டல்ல, ஒன்றே என்று வாதாடினார்கள். இரண்டு என்றால் அணுக்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தச் சண்டையின் பலனாகத்தான் 1963-இல், புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. சண்டை நல்லது என்பேன்.

உண்மையான கொலாஜனில் ஓர் இழைக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல் அமினோ அமிலங்கள்; மூன்றும் சேர்ந்த கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5.

5. அவிழ்ப்பது. இதற்கு மணி வேண்டாம். ஆட்டுக்கால் பாயாவை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். சூட்டில் மூன்று இழையும் பிரிந்து ஜெலட்டின் ஆகும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் குண்டானைச் சாய்த்துப் பாருங்கள். சாறு அசையாது.