வீட்டில் அமெரிக்க விஸ்கிகளை ஒப்பிடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

நாலைந்து அமெரிக்க விஸ்கி பாட்டில்களை மேஜையில் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று நண்பர்கள் சேர்ந்து சுவைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கடைசியில் ஜெயிப்பது வீரியம் அதிகமான பாட்டில், இல்லாவிட்டால் விலை அதிகமான பாட்டில். விஸ்கியின் தரம் அந்தத் தீர்ப்புக்குள் வருவதே இல்லை.

முதல் காரணம் புரூஃப், அதாவது ஆல்கஹாலின் வீரியத்தைச் சொல்லும் எண். அமெரிக்க பாட்டிலில் போட்டிருக்கும் புரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும். ஜிம் பீம் வெள்ளை லேபிள் 40 சதவீதம். வைல்ட் டர்க்கி 101 என்பது 50.5 சதவீதம். தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே வரும் புக்கர்ஸ் 60-ஐத் தாண்டும். இந்த மூன்றையும் வரிசையாகக் குடித்துவிட்டு ‘ஜிம் பீம் சப்பென்று இருக்கிறது’ என்றால், அதில் பாதி தண்ணீரைப் பற்றிய விமர்சனம்தான்.

இதற்கு வழி சுலபம். 60 சதவீத விஸ்கி 30 மில்லி எடுத்து, அதில் 6 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 10 மில்லி சேர்த்தால் 45. மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் கிடைக்கும் சிரிஞ்ச் ஒன்று போதும், அளவு துல்லியமாக வரும். குளோரின் வாசனை அடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கலந்ததும் குடிக்காமல் சில நிமிடம் விட்டுவிடுங்கள். முதலில் பாட்டிலில் இருக்கும் வீரியத்திலேயே சுவைத்து, அப்புறம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சுவைத்துப் பாருங்கள். முதல் சுற்றின் வரிசை இரண்டாவது சுற்றில் மாறிவிடுவது சகஜம். முதல் சுற்றில் வீரியம் குறைந்ததிலிருந்து கூடியதற்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது, சம்பந்தமில்லாத பாட்டில்களை ஒரே வரிசையில் வைப்பது. பர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அமெரிக்காவில் எங்கே செய்தாலும் பர்பன்தான். ரை விஸ்கியில் அந்த 51 சதவீதம் ரை தானியம். டென்னசி விஸ்கியில், ஜாக் டேனியல்ஸில் செய்வது போல, பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியில் வடிகட்டுவார்கள். மூன்றையும் கலந்து வைத்து ‘எது பெஸ்ட்’ என்று கேட்டால் பதில் கிடைக்கும், ஆனால் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வித்தியாசத்தைத் தேடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி மேக்கர்ஸ் மார்க்கும் ஃபோர் ரோசஸ் ஸ்மால் பேட்சும். இரண்டும் கென்டக்கி பர்பன், இரண்டும் 45 சதவீதம். மேக்கர்ஸ் மார்க்கில் ரை கிடையாது, அந்த இடத்தில் கோதுமை. ஃபோர் ரோசஸில் ரை தாராளமாக இருக்கும். ஒன்றில் மெதுவான, பிரெட் போன்ற இனிப்பு. மற்றதில் மிளகும் பட்டையும் சேர்ந்த ஒரு சுறுசுறுப்பு. தானியம் என்ன செய்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். இன்னொரு ஜோடி, ஹெவன் ஹில் நிறுவனத்தின் ஈவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் பர்பனும் ரிட்டன்ஹவுஸ் ரையும். இரண்டும் ‘பாட்டில்டு இன் பாண்ட்’. 1897-ல் வந்த அந்தச் சட்டப்படி ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, குறைந்தது 4 வருடம் ஊறி, சரியாக 50 சதவீதத்தில் பாட்டிலுக்கு வந்தவை. தண்ணீர் கணக்கே போட வேண்டாம்.

ரை வாங்கும்போது பின்பக்க லேபிளைப் படியுங்கள். பெயர் வேறு வேறாக இருந்தாலும், இண்டியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரே பெரிய ஆலையில் 95 சதவீதம் ரை தானியத்தில் செய்த விஸ்கி பல பிராண்டுகளில் வருகிறது. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்து, ஒரே ஆலைச் சரக்கைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்போம்.

ஸ்காட்ச் பழகியவர்கள் வயதை நம்பி ஏமாறுவார்கள். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில், குளிர்ந்த ஊரில் ஊறுகிறது. பர்பனுக்குப் புது மரம், கென்டக்கியின் வெயில். பதினைந்து வருடம் தாண்டிய சில பர்பன்களில் மரத்தின் கசப்பு மற்றதையெல்லாம் மூடிவிடும். வயது கூடினால் விலை கூடும், ருசியும் சேர்ந்து கூட வேண்டும் என்பதில்லை.

லேபிளைப் பார்த்துக்கொண்டே சுவைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒருவர் இன்னொரு அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். ஒரே மாதிரி கிளாஸ்கள், ஒரே அளவு. வாயைத் திறந்து பேசும் முன் எல்லோரும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஒருவர் ‘வாழைப்பழ வாசனை வருதே’ என்று சொன்ன அடுத்த நொடியே எல்லா மூக்குக்கும் வாழைப்பழம் வந்துவிடும். இரண்டு விஸ்கிக்கு நடுவே நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க, மூன்று கிளாஸ் வையுங்கள்: இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் மற்றது. தனியாக இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த விலை வித்தியாசத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

காரமான சைடு டிஷ் அப்புறம் இருக்கட்டும். நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் மிளகாயும் தூண்டுகிறது, ஆல்கஹாலும் தூண்டுகிறது. மிளகாய் வறுவல் சாப்பிட்ட வாய்க்கு எல்லா பர்பனும் எரியும். வெறும் பிரெட்டும் தண்ணீரும் போதும். ஊதுபத்தி, சென்ட், தாளிப்பு வாசனை இல்லாத அறையாகப் பாருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹால் நெடி அடங்கி மற்ற வாசனைகள் வரும். முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும்.

அளவு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு விஸ்கி 15 மில்லி, ஒரு உட்காரலில் நாலுக்கு மேல் வேண்டாம். அந்த நாலுமே 50 சதவீதமாக இருந்தால் சுமார் 24 கிராம் ஆல்கஹால் உள்ளே போகும். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம். நாலு விஸ்கிக்கு மேல் போனால் நாக்கும் மூக்கும் களைத்துவிடும், எழுதும் குறிப்புக்கும் மதிப்பில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போக வேண்டியவர் சுவைக்கவே வேண்டாம், ஊற்றி எண் ஒட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

பாட்டிலின் நிலையையும் பாருங்கள். இன்று திறந்த பாட்டிலையும், மாதக்கணக்கில் கால்வாசியோடு அலமாரியில் நின்ற பாட்டிலையும் ஒப்பிடுவது நியாயமில்லை, காற்று பட்டதில் இரண்டாவதன் ருசி மாறியிருக்கும். பாதிக்குக் கீழே போனதைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாத இடத்தில் நிற்க வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்து, அந்த வாசனை விஸ்கியில் இறங்கிவிடும்.