ஹடூப்பிலிருந்து சொந்தக் கணினிக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்தல்

ஹடூப் என்பது பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து சேமித்துச் செயலாக்கும் மென்பொருள். அதன் பகிர்ந்த கோப்பு முறைமையில் பெரிய கோப்பு எதுவும் ஓரிடத்தில் முழுதாக இருப்பதில்லை. இயல்பான அமைப்பில் அது 128 மெகாபைற் துண்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டமும் மும்மூன்று பிரதிகளாக வெவ்வேறு கணினிகளில் வைக்கப்படுகிறது. அவற்றைத் தேடி ஒன்றாக்கித் தருவதற்கு ஹடூப்பின் சொந்தக் கட்டளைகள் வேண்டும்.

முதலில் அளவைப் பாருங்கள். ‘டியூ’ கட்டளை இரண்டு எண்களைக் காட்டும்: முதலாவது கோப்பின் உண்மையான அளவு, இரண்டாவது பிரதிகள் அனைத்தும் பிடிக்கும் இடம். 40 கிகாபைற் கோப்புக்கு 120 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். உங்கள் வன்தட்டில் 40 இருந்தால் போதும். ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட பென்ட்ரைவில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது.

பிரதி எடுக்கும் கட்டளை ‘கெட்’. முதலில் ஹடூப்பில் உள்ள பாதையையும் அடுத்து உள்ளூர்ப் பாதையையும் கொடுக்க வேண்டும். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் கட்டளை மறுத்துவிடும். இது நல்ல காவல் என்பதால், மேலெழுதும் ‘எஃப்’ தெரிவை யோசித்தே சேருங்கள்.

இங்கே பலர் தடுமாறுவது ‘உள்ளூர்’ என்ற சொல்லில்தான். யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாகத் தொலைவிலுள்ள சேவையகத்தில் நுழைந்து கட்டளை இட்டால், கோப்பு அந்தச் சேவையகத்தில் இறங்குமே தவிர உங்கள் மடிகணினிக்கு வராது. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ‘ஆர்சிங்க்’ (rsync) கட்டளையைப் ‘பார்ஷியல்’ (--partial) தெரிவுடன் பயன்படுத்துங்கள். கோண்டாவிலில் ஓர் இரவு, 11 கிகாபைற் இறங்கிய நிலையில் மின்சாரம் நின்றபோது, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது அதனால்தான். ‘கெட்’ இடையில் அறுந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு செயலாக்கத்தின் வெளியீடு பல பகுதிக் கோப்புகளாக இருந்தால், ‘கெட்மேர்ஜ்’ அவற்றை ஒரே கோப்பாக இணைத்துத் தரும். ஆனால் அது பகுதிகளை அப்படியே ஒட்டுகிறது. பழைய பத்திரிகைகளின் அட்டவணை ஒன்றை இவ்வாறு இணைத்தபோது, ஒரு பகுதியின் கடைசி வரி முடிவுக்குறி இல்லாமல் இருந்ததால், ‘உதயதாரகை, 1841ஈழகேசரி, 1930’ என்று இரண்டு பதிவுகள் ஒரே வரியாயின. ‘என்எல்’ தெரிவு ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் புதுவரி சேர்த்து இதைத் தடுக்கும். முன்பே புதுவரியில் முடிந்த பகுதிகளுக்குப் பின் வெற்றுவரி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைப்பு வரி ஒவ்வொரு பகுதியிலும் இருந்தால் அதுவும் திரும்பத் திரும்ப வரும்.

கடைசியாகச் சரிபார்த்தல், இதைத் தவிர்க்கவே கூடாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு மதிப்பை ஒப்பிடுவதே வழி. ஆனால் ஹடூப்பின் ‘செக்சம்’ தரும் மதிப்பு துண்டங்களின் அடிப்படையில் கணிக்கப்படுவதால், லினக்ஸின் ‘எம்டி5சம்’ மதிப்புடன் ஒருபோதும் பொருந்தாது. அதனால் பிரதி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். ஹடூப்பில் உள்ள கோப்பை ‘கட்’ (cat) கட்டளையால் வாசித்து, குழாய்க்குறி (|) வழியாக ‘எம்டி5சம்’முக்கு அனுப்புங்கள். உள்ளூர்ப் பிரதிக்கும் அதே கணிப்பைச் செய்து, இரண்டு மதிப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்த பின்னரே ஹடூப்பில் உள்ளதை அழியுங்கள்.