வீட்டு ஜெபக்குழுவில் ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ: எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது

நம்முடைய சிறு குழுக்களில் கொடுக்க மனமில்லாதவர்கள் குறைவு. யாருக்கு என்ன குறை என்று தெரியாததால்தான் பாதிப் பேர் கொடுக்காமல் இருக்கிறார்கள். ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சகோதரர் "வேலைக்காக ஜெபிச்சுக்கோங்க" என்கிறார், ஒருவர் நோட்டில் "வேலை" என்று எழுதிக்கொள்கிறார், உடனே அடுத்தவரிடம் போய்விடுகிறோம். வேலை போய் எத்தனை மாதம் ஆகிறது, இந்த மாத வாடகை கொடுத்தாயிற்றா, பிள்ளையின் ஃபீஸ் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. உருக்கமாக ஜெபித்து, ஆமென் சொல்லி, எழுந்து போகிறோம். "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறாரே, அது நம்மைப் பார்த்துக் கேட்டது போலவே இருக்கிறது.

அதனால் பணத்தை அப்புறம் பார்க்கலாம். தேவையைச் சொல்லவும் கேட்கவும் குழு முதலில் பழக வேண்டும். அது நடந்தால் கொடுப்பது பின்னாலேயே வரும். நடக்காவிட்டால் எத்தனை காணிக்கைப் பெட்டி வைத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பாரம் நமக்குத் தெரியப்போவதில்லை.

தேவை எப்படி வெளியே வரும்

குழுவை நடத்துகிறவர் தன் தேவையை முதலில் சொல்ல வேண்டும். பொதுவாக "குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று இல்லாமல், "வியாழக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும், எனக்கு லீவு கிடைக்கலை, யாராவது கூட வர முடியுமா?" என்று கேட்க வேண்டும். சின்னத் தேவையாக இருக்கட்டும், உண்மையான தேவையாக இருந்தால் போதும். தலைவர் எப்போதும் கொடுக்கிறவராகவே இருக்கிற குழுவில் மற்றவர்களுக்கு வாய் திறக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் கேட்டு, இன்னொருவர் உதவி, அவர் சந்தோஷமாக அதைப் பெற்றுக்கொள்வதை எல்லோரும் நேரில் பார்த்தால் அந்தக் கூச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதை விட்டுவிடுங்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. வேலை போனவரிடம் தனியாகப் போய், "அண்ணா, இந்த மாச வாடகைக்கு என்ன பண்றீங்க?" என்று நேராகக் கேளுங்கள். "பார்த்துக்கலாம் தம்பி" என்பார். அங்கேயே விட்டுவிடாமல், "எப்போ கட்டணும்? எவ்வளவு குறையுது?" என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். அதற்குமேல் துருவ வேண்டாம். அவர் சொல்ல விரும்பவில்லை என்றால் அது அவருடைய உரிமை.

எல்லாத் தேவையையும் எல்லோர் முன்பும் சொல்ல முடியாது. கடன் தொல்லை, வீட்டுச் சண்டை, பிள்ளையைப் பற்றிய கவலை போன்றவற்றைத் தனியாகச் சொல்வதற்கு என்று ஒரு சகோதரரையும் ஒரு சகோதரியையும் குழுவே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் காதுக்கு வந்தது, சொன்னவருடைய அனுமதி இல்லாமல் குழுவுக்கு வரக்கூடாது, வாட்ஸ்அப்பில் வரவே கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊருக்கே தெரிந்துபோன கஷ்டங்கள் எத்தனையோ. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அந்தக் குடும்பம் இனி வாயைத் திறக்காது, அதைப் பார்த்த மற்றக் குடும்பங்களும் திறக்காது.

கொடுப்பதும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குச் சரித்திரத்தில் அருமையான ஓர் உதாரணம் உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், ஜெபவீட்டின் மேல் இருந்த கடனை எப்படி அடைப்பது என்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சபையார் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பலரால் அதுகூட முடியாதே என்று ஒருவர் சொன்னபோது, யோசனை சொன்ன கேப்டன் ஃபோய், மிகவும் ஏழைகளான 11 பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கொடுக்கிறேன் என்றார். மற்றவர்களும் அதே மாதிரி பொறுப்பேற்றார்கள். பென்னி வாங்கப் போனவர்களுக்கு அந்தந்த வீட்டின் நிலைமை தெரியவந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் இப்படித்தான் பிறந்தன. கடனை அடைக்கப் போட்ட திட்டம் ஒருவரையொருவர் விசாரிக்கும் குழுக்களாக மாறியது.

பணத்துக்கு முன்னால்

புதிய குழு என்றால் பொருளிலும் நேரத்திலும் தொடங்குங்கள். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு மாலை உட்கார்ந்து பேசினாலே போதும். ஒருவரிடம் ஏணியும் டிரில்லிங் மெஷினும் இருக்கும், ஒருவருக்கு ஃபாரம் நிரப்பவும் அரசு அலுவலகத்தில் பேசவும் தெரியும், ஒருவர் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார், ஒருவர் இரவில் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கத் தயார். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இரண்டு மணி நேரம் தூங்கக் கிடைப்பது பல சமயம் பணத்தைவிடப் பெரிய உதவி. இரவல் வாங்கின பொருள் உடைந்தால் வாங்கினவர் சரிசெய்து தரவேண்டும், முடியாவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயத்தில் வரும் மனக்கசப்புதான் நீண்ட நாள் நிற்கும்.

தியாகமாகக் கொடுப்பது என்றால்

மிச்சத்தைக் கொடுப்பதும் நல்லதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதைத் தியாகம் என்று சொல்லக்கூடாது. நீங்கள் கொடுத்ததால் இந்த மாதம் உங்கள் வீட்டில் ஏதாவது மாறியதா? வாங்க நினைத்த ஒன்று தள்ளிப்போனதா, போக நினைத்த ஓர் இடத்துக்குப் போகாமல் இருந்தீர்களா? ஒன்றும் மாறவில்லை என்றால் இன்னும் கொடுக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். பலிபீடம் கட்ட இடம் கேட்டுப் போன தாவீது ராஜாவிடம், அர்வனா என்பவர் தன் களத்தை இலவசமாகவே தருகிறேன் என்றபோது, தாவீது அதை விலைகொடுத்துத்தான் வாங்குவேன் என்று ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தார். தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்தீதஸ் என்ற ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ அறிஞர் கிறிஸ்தவர்களைப் பற்றி ரோமப் பேரரசருக்கு எழுதும்போது, தங்களுக்குள் ஒருவர் வறுமையில் இருந்து, கொடுக்கத் தங்களிடம் மிச்சம் இல்லை என்றால், இரண்டு மூன்று நாள் உபவாசம் இருந்து அந்த உணவை அவருக்குக் கொடுக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். இதை உங்கள் குழுவிலும் செய்யலாம். மாதத்தில் ஒருநாள் சேர்ந்து உபவாசித்து, அந்த நாளின் சாப்பாட்டுச் செலவை அப்படியே எடுத்து வையுங்கள். அதிகம் சம்பாதிக்கிறவரும் குறைவாகச் சம்பாதிக்கிறவரும் ஒரே பசியோடு அதில் பங்கெடுக்க முடிகிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறை இது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம், வேறு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கட்டும்.

தியாகத்துக்கும் வரம்பு உண்டு. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவியோ, மனைவிக்குத் தெரியாமல் கணவனோ பெரிய தொகை கொடுக்காதீர்கள். வீட்டில் வயதான பெற்றோரின் மருந்துக்கு வைத்த பணத்தில் கை வைக்காதீர்கள். சொந்த வீட்டாரை விசாரிக்காதவனைப் பற்றி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது கடுமையான வார்த்தை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான்.

கட்டாயம் எந்த உருவத்திலும் வரக்கூடாது. எல்லோரும் இருக்கும்போது "யார் யார் எவ்வளவு தருவீங்க?" என்று வரிசையாகக் கேட்பது கட்டாயம்தான், சிரித்துக்கொண்டே கேட்டாலும். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துப் பொய் சொல்லி உயிரிழந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையைச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்துகிறவர்கள், பேதுரு அனனியாவிடம் கேட்டதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விற்பதற்கு முன்னே அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்பும் அது உன் கையில்தானே இருந்தது என்கிறார். ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்தது போலக் காட்டியதுதான் குற்றம். குறைவாகக் கொடுத்ததற்காக அங்கே யாரும் தண்டிக்கப்படவில்லை.

பொதுப்பணம் வைப்பதாக இருந்தால்

சிறிய குழுவுக்குப் பொதுப்பணம் அவசியம் இல்லை. தேவை வந்தபோது சேர்த்துக்கொண்டாலே போதும். வைப்பதாக முடிவு செய்தால் இரண்டு பேர் சேர்ந்து கையாளட்டும், குழுத் தலைவர் தனியாக வைத்திருக்கவே கூடாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை எல்லோருக்கும் காட்டுங்கள். யாருக்குப் போனது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எருசலேம் பரிசுத்தவான்களுக்கு, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்கு, சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, யாரும் குற்றம் சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட்டிக்கொண்டுதான் போனார். சபைக்குக் கொடுக்கும் காணிக்கையை நிறுத்திவிட்டு இதில் போடச் சொல்லாதீர்கள். போதகருக்குத் தெரியாமலும் நடத்தாதீர்கள்.

பங்கிடுவதில் குறை வரத்தான் செய்யும். அப்போஸ்தலர் 6-ல், அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உதவி பங்கிடுவதில், தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கு பாஷை பேசின யூதர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களையும் வாசித்துப் பாருங்கள், எல்லாமே கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனது போலத் தெரிகிறது. உங்கள் குழுவில் யாராவது "எங்களை யாரும் விசாரிக்கலை" என்று சொன்னால், கோபப்படாமல் அவரையே அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைமாற்றா, கொடையா

இதை ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கொடுத்தவர் கடன் என்று நினைத்து, வாங்கினவர் உதவி என்று நினைத்து, ஆறு மாதம் கழித்து இரண்டு குடும்பமும் குழுவுக்கு வராமல் போவது ரொம்ப சகஜம். என்னைக் கேட்டால், குழுவுக்குள் கடன் வேண்டாம். பத்து கேட்டால் பத்தைக் கடனாகக் கொடுப்பதைவிட, திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று மனதார விடக்கூடிய மூன்றைக் கொடுத்து, "இது திருப்பித் தர வேண்டியதில்லை அக்கா" என்று சொல்லிவிடுவது நல்லது. ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள், நீதிமொழிகள் அதைப் பற்றி திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது.

கொடுக்கும்போது காதும் காதும் வைத்தாற்போலக் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள். வாங்கினவரை அடுத்த வாரம் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள், அவருக்கே சொல்லத் தோன்றினால் சொல்லட்டும். "போன மாசம் கொடுத்தோமே, இப்போ புது ஃபோன் வாங்கியிருக்காரே" என்ற பேச்சு உங்கள் மனதில் எழுந்தாலும் வாய்க்கு வரவேண்டாம். அப்புறம், வாங்கினவரும் கொடுக்கட்டும். அவர் ஒரு சின்ன நோட்டை நீட்டினால் "உங்களுக்கே கஷ்டம், வேண்டாம்" என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு காசு போட்ட விதவையை இயேசு தடுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை அவர் கண்டித்தார் என்பதால், ஏழைகளிடம் கேட்டு வாங்கவும் நமக்கு உரிமை இல்லை. அவர்களாகக் கொடுத்தால் மரியாதையோடு வாங்கிக்கொள்ளலாம்.

சிக்கலான இடங்கள்

ஒருவரே மறுபடி மறுபடி கேட்டால் என்ன செய்வது? முதலில், ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். "வேலைசெய்ய மனதில்லாதவன்" சாப்பிடக் கூடாது என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறது, வேலை கிடைக்காதவரையும் செய்ய முடியாதவரையும் அந்த வசனத்தால் அடிக்கக் கூடாது. தனியாகக் கேட்க ஏற்பாடு செய்த அந்த இருவரும் அவரோடு உட்கார்ந்து வரவுசெலவைப் பார்க்கட்டும். குடிப்பழக்கமோ சூதாட்டமோ இருந்தால் கையில் பணம் கொடுக்காமல், வாடகையையோ ஃபீஸையோ நேராகக் கட்டிவிடுங்கள், வீட்டம்மாவிடம் பேசுங்கள், சிகிச்சைக்குக் கூடவே போங்கள். குழுவைப் பயன்படுத்தி ஆள்சேர்க்கும் வியாபாரமோ சீட்டோ நடத்த ஒருவர் ஆரம்பித்தால் அதை மட்டும் தாமதிக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

பெரிய அறுவைச் சிகிச்சை, நீண்ட நாள் நோய், பெரிய கடன் இவையெல்லாம் பத்துப் பேர் கொண்ட குழுவால் தாங்க முடியாதவை. தாங்குவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முடிந்ததை முதலில் நீங்கள் கொடுங்கள், பிறகு குடும்பத்தின் சம்மதத்தோடு போதகரிடமும் சபையிடமும் கொண்டுபோங்கள், மருத்துவ உதவி கிடைக்கும் இடங்களை விசாரியுங்கள். சபை பொறுப்பெடுத்த பிறகு குழுவுக்கு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். யார் எந்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது, வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை உங்கள் குழுதான் எழுதிப் பிரித்துக்கொள்ள வேண்டும், முதல் வாரத்துக்கு மட்டும் இல்லாமல் மூன்றாவது மாதத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள், விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துபோவது அப்போதுதான்.