வயதானவர்களின் சட்டைப் பையில் எந்தக் காப்பீட்டு அட்டை இருக்கணும்?

எங்கள் நைனாவின் சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எப்போதும் இருக்கும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பழைய பஸ் பாஸ், கூடவே காப்பீட்டு அட்டை இரண்டு. நெஞ்சு வலி என்று ஒரு நாள் ராத்திரி வடசென்னை தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். கவுன்டரில் நான் நீட்டியது 2009-இல் கொடுத்த பழைய 'கலைஞர் காப்பீட்டு' அட்டை. "இது செல்லாதும்மா, அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்கள். கட்டினோம். செல்லக்கூடிய அட்டை ஆதார் கவருக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது மறுநாள்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்கு பண்ணினேன். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துவிடலாம்.

படி 1: எங்கே வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள்

எல்லாரும் நேராக முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது பழைய வேலையை. நம் பக்கம் ரயில்வே, ஹார்பர், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் கம்பெனிகள் என்று ஏதாவது ஒன்றில் உழைத்த பெரியவர் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்று அவர்களுடைய மருத்துவத் திட்டத்தில் இருப்பவருக்கு 'உமிட்' அட்டை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. மாநில அரசு ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம், தனி அட்டை. முன்னாள் ராணுவத்தினருக்கு ஈ.சி.எச்.எஸ்., மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ்.

நிறைய பேர் கோட்டை விடுவது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயத்தில்தான். ரிட்டயர் ஆனதும் அது முடிந்துபோச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறைந்தது 5 வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர் மாதம் 10 ரூபாய் கணக்கில் வருஷத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால், அவருக்கும் மனைவிக்கும் (அல்லது கணவருக்கும்) சிகிச்சை தொடரும். படுக்கையில் சேர்ந்தால் மட்டுமில்லை, டிஸ்பென்சரியில் மாத்திரையும் கிடைக்கும். தீபாவளிக்கு ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கும் காசு!

நைனாவுக்கு இது பல வருஷம் தெரியவே தெரியாது. அவர் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியையும் மூடிவிட்டார்கள், சான்று தர ஆள் இல்லை. பரண் மேல் டிரங்குப் பெட்டியில் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. அதிலிருந்த நம்பரை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தோம். பழைய அட்டை, சம்பளச் சீட்டு எதையும் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

படி 2: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

வேலை வழியாக எதுவும் இல்லையா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இதுதான் உங்கள் அட்டை. இந்தத் திட்டம் 2012-இல் வந்தது, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் இன்னமும் 'கலைஞர் கார்டு' என்றுதான் பேச்சு. ஒரு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அது குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து.

ரேஷன் கார்டில் பெரியவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகன் கார்டுக்கு மாற்றுகிறேன் என்று நீக்கிவிட்டு, அங்கே சேர்க்காமலே விட்ட வீடுகள் உண்டு. ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் அதோடு ஒத்துப்போகணும். அப்புறம் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும், ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போங்கள். சென்னை கலெக்டர் ஆபீஸ் அதுதான். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். பெரியவரையும் கூட்டிக்கொண்டு போகணும், போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். கடப்பாரை பிடித்த கைக்கு ரேகை சட்டென்று விழாது. நைனாவுக்கு ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஆறாவது விரலில்தான் மெஷின் ஒத்துக்கொண்டது.

இந்த அட்டை சளி, காய்ச்சலுக்கோ மாதாந்திர சுகர் மாத்திரைக்கோ உதவாது. இதய அடைப்புக்கு ஸ்டென்ட், டயாலிசிஸ், புற்றுநோய் என்று பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்க எந்த அட்டையும் வேண்டாம். பெரிய ஆபரேஷன் என்றால் அங்கேயே கேட்பார்கள். தனியாருக்குப் போவதாக இருந்தால், அந்த ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993-இல் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

படி 3: 70 வயது ஆனவர்கள்

மத்திய அரசு 2024 அக்டோபர் 29-இல் தொடங்கிய 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. வருஷத்துக்கு 5 லட்சம். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மானில் இருந்தாலும் பெரியவர்களுக்கு இது தனி. பேரப்பிள்ளைகளோடு பங்கு போட வேண்டாம். சி.ஜி.எச்.எஸ்., ஈ.சி.எச்.எஸ். வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஈ.எஸ்.ஐ.யோ தனியார் பாலிசியோ இருந்தால் தடையில்லை. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் அங்குள்ள காப்பீட்டு கவுன்டரில் இந்த அட்டையை எடுப்பார்களா என்று கேளுங்கள். விசாரிக்க 14555.

படி 4: தனியார் பாலிசி இருந்தால்

பில்லில் நம் பங்கு எத்தனை சதவீதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை வருஷம் காத்திருக்கணும் (அதிகபட்சம் 3) என்ற இரண்டு வரியை மட்டும் பாலிசியில் தேடி அடிக்கோடு போடுங்கள்.

படி 5: சட்டைப் பை

பையில் ஆதார் ஒன்று, செல்லக்கூடிய காப்பீட்டு அட்டை ஒன்று. அவ்வளவுதான். அட்டையின் ஜெராக்ஸ் பின்னால் பிள்ளைகளின் போன் நம்பரை எழுதி அதே கவரில் வையுங்கள். மீதியெல்லாம் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு பீரோவில் வைக்கலாம். நான் ஸ்கெட்ச் பேனாவில் பையில் இருக்கும் கவர் மேல் 'அட்மிஷனுக்கு இது' என்றும், பீரோவில் இருக்கும் கவர் மேல் 'மாத்திரைக்கு இது' என்றும் எழுதிவிட்டேன். நைனா பஸ் பாஸை மட்டும் தரமாட்டேன் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. சாலை விபத்தென்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் அட்டையைத் தேடி வீட்டுக்கு ஓடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.